ரீல்ஸில் வராத ராப் பாட்டெல்லாம் குப்பையா?

கிள்ளான்காரன்:
நேற்று பாட்டுப்பெட்டி வேறொரு இழையில் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்: "புது தமிழ் ராப்பர்களைத் தேடி அலைவது வெட்டி வேலை. பாட்டு நல்லா இருந்தா ரீல்ஸ்லயே வந்துடும். வரலைன்னா சரக்கு இல்லைன்னு அர்த்தம்." படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 2006-இல் மலேசிய ராப் குழுவான யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது ரீல்ஸ் எங்கே இருந்தது? இங்கே மலேசியாவில் எங்கள் ஊர்ப் பையன்கள் சிடியைக் கைமாற்றியே தேய்த்தார்கள். தமிழ்நாட்டில் என் மாமா பையன் ப்ளூடூத்தில் நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். யாராவது ஒருவன் தேடிப் பிடித்துப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்தால்தான் பாட்டு நகரும். அந்த ஆல்பத்தின் 'மடை திறந்து' பாட்டு அப்படித்தான் ஊர் ஊராகப் போனது.

ராயபுரத்துக்காரன்:
'மடை திறந்து' ஓடியது நீங்கள் சிடி தேய்த்ததால் இல்லை. அது இளையராஜா மெட்டு. 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக எஸ்.பி.பி. பாடியது. பாதி ஜனம் அந்தப் பல்லவிக்காகத்தான் கேட்டது. சினிமாப் பாட்டின் தயவில் வந்ததைச் சுயாதீன இசைக்கு உதாரணம் காட்டாதீர்கள்.

கிள்ளான்காரன்:
வந்துவிட்டார். ஹிப்ஹாப் பிறந்ததே பழைய ரெக்கார்டிலிருந்துதான். 1973-இல் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க், இருந்த ரெக்கார்டுகளின் தாளப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் ஆட வைத்தார். அவரிடமும் போய் 'மெட்டு யாருடையது' என்று கேளுங்கள். 'வல்லவன்' ஆல்பத்தில் 'மடை திறந்து' தவிர வேறு எந்தப் பாட்டையாவது கேட்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ராயபுரத்துக்காரன்:
மெட்டு ராஜாவுடையதா இல்லையா? நீங்களும் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பாட்டுப்பெட்டி:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை. 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. யாராவது டார்ச் அடித்துத் தேடினார்களா? தானாகவே உலகம் முழுக்கப் போனது. நல்ல பாட்டு தானாக வரும். அவ்வளவுதான் விஷயம்.

தென்றல்88:
தானாகவா? சந்தோஷ் நாராயணன் தயாரித்து, பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடி, பெரிய பொருட்செலவில் வீடியோ எடுத்து வந்த பாட்டு அது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2019-இல், அறிவும் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார்கள். அதே அறிவு, அதே நாக்கு. அப்போது அது ஏன் தானாக வரவில்லை? 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியதே, அதைக் கேட்க வந்தவர்களை எந்த ஆப் கூட்டி வந்தது? நீங்கள் 'தெருக்குரல்' கேட்டது 2021-க்கு முன்னாலா, பின்னாலா?

பாட்டுப்பெட்டி:
நான் எப்போது கேட்டேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது.

தென்றல்88:
பின்னால்தான். புரிந்துவிட்டது.

ராயபுரத்துக்காரன்:
அறிவைப் பற்றிப் பேசினால் முழுதாகப் பேசுங்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், 'என்ஜாய் எஞ்சாமி' வரிகளை எழுதிப் பாடிய அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் பேச்சே எழுந்தது. அடுத்த வருடம் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு நடந்தது. இதற்கெல்லாம் இங்கே ஒருத்தரும் இழை திறக்கவில்லை. மலேசிய சிடிக்கு மட்டும் உடனே திறக்கிறீர்கள்.

கிள்ளான்காரன்:
'மலேசிய சிடி' என்று எவ்வளவு இளக்காரமாகச் சொல்கிறீர்கள். 1998-லேயே எங்கள் ராப் குழு பொயட்டிக் அம்மோ ஆல்பம் போட்டுவிட்டது, யோகி பி அதில் இருந்தவர். அப்போது சென்னையில் ராப் என்றால் சினிமாவில் நடுவே நாலு வரி. 'பேட்ட ராப்' 1994 என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள், அதுவும் படப் பாட்டுதான். மெட்டு, மெட்டு என்கிறீர்கள். அந்த மெட்டை வைத்து நாங்கள் செய்ததை உங்கள் ஊரில் யார் அதற்கு முன் செய்தார்கள்?

யாழ்_ஒலி:
இவ்வளவு நேரமும் வாசித்தேன். சென்னை, கிள்ளான், சென்னை, கிள்ளான். கொழும்பில் கிருஷான் மகேசன் அந்தக் காலத்திலேயே தமிழில் ராப் செய்தார், ஒருத்தர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை. ஷான் வின்சென்ட் டி பால் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். யஞ்சனின் மிருதங்கத்துக்கு அவர் ராப் சொன்ன வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கோ. உங்களுக்கு அவர் ஒரு அட்டைப்படச் சண்டைக்கு மட்டும்தான் ஞாபகம் வருகிறார்.

ராயபுரத்துக்காரன்:
அவர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அட்டையில் யார் இல்லை என்பதைத்தான் சொன்னேன்.

யாழ்_ஒலி:
நீங்கள் சொன்ன விதம் அப்படி இல்லை அண்ணை.

தென்றல்88:
சண்டைக்கு நடுவே ஒரு உருப்படியான விஷயம். புதியவர்களைத் தேட எனக்குப் பலன் தந்த ஒரே வழி, பாட்டின் கிரெடிட்ஸைப் படிப்பது. பாடியவரை விட்டுவிட்டு பீட் போட்டவர் பெயரைப் பிடியுங்கள். ஆஃப்ரோ பெயரைத் தொடர்ந்து போனால் அறிவிலிருந்து 'பால் டப்பா' என்ற ராப்பருக்கு வந்துவிடலாம். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே மிக்ஸ் செய்தவர், கேமரா பிடித்தவர் பெயர்கூட இருக்கும். அவர்கள் வேறு யாருக்கு வேலை செய்தார்கள் என்று பார்த்தால், சில நூறு பேர் மட்டும் கேட்ட பாட்டுகள் கிடைக்கும். அந்த சில நூறு பெரிய விஷயம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை ஓடவில்லை என்றால் ராயல்டி கணக்கிலேயே வராது. 'நல்லா இருந்தா தானா வரும்' என்று நாம் காத்திருக்கும் நேரத்தில், அந்தப் பையனுக்கு ஒரு பைசா வராது.

பாட்டுப்பெட்டி:
1,000 பேர்கூடக் கேட்காத பாட்டை நான் ஏன் கேட்க வேண்டும்? நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

தென்றல்88:
கோடிக்கணக்கில் ஓடிய பாட்டுக்கு மட்டும் என்ன வந்தது? 'என்ஜாய் எஞ்சாமி'யில் தனக்கு ஒரு வருமானமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சில் சொன்னார். ஓடுவது வேறு, கலைஞனுக்குப் போய்ச் சேருவது வேறு.

கிள்ளான்காரன்:
தென்றல் சொன்னதைத்தான் நான் முதல் பதிவிலேயே சொன்னேன். ஆள் தேடணும், ஆள் கொடுக்கணும். 'மடை திறந்து'...

ராயபுரத்துக்காரன்:
மறுபடியுமா? இளையராஜா இல்லாவிட்டால் உங்கள் 'மடை திறந்து' கிள்ளானைத் தாண்டியிருக்காது. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில். அப்புறம் அதே யோகி பி 2007-இல் 'பொல்லாதவன்' படத்தில் எம்.எஸ்.வி. மெட்டுக்கும் ராப் பாடினார். அதுவும் சுயாதீனமா?

கிள்ளான்காரன்:
படத்துக்குக் கூப்பிட்டால் போகக் கூடாதா? அறிவு படத்துக்கு எழுதினால் வளர்ச்சி, எங்கள் ஆள் போனால் தயவா? இரண்டு தராசு வைத்திருக்கிறீர்கள். இன்னும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 'வல்லவன்' ஆல்பத்தில் வேறு ஒரு பாட்டின் பெயர் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று.

பாட்டுப்பெட்டி:
நான் கேட்டதுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. ரீல்ஸில் வராமலே பெரிதாக ஓடிய பாட்டு, இந்த வருடம், ஒன்று.

யாழ்_ஒலி:
கிருஷான் மகேசன் என்று தேடிப் பார்த்தீர்களா யாராவது?

கிள்ளான்காரன்:
ராயபுரத்தார் பாட்டின் பெயரைச் சொல்லட்டும், அடுத்த நிமிடம் தேடுகிறேன்.

ராயபுரத்துக்காரன்:
மெட்டு யாருடையது என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.