இலங்கையில புதுப் பாடத்திட்டம்: உங்க ஸ்கூல்ல யாரு, எப்பிடிச் சொன்னாங்க? அனுபவத்தைச் சொல்லுங்க

தலவாக்கலை அப்பா

மகன் இந்த வருசம் 6ஆம் தரம். போன ஒக்டோபர்ல ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம், அதுவும் வேலை நாள் காலையில. மலையில கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு அன்னைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போச்சு. புத்தகத்துக்குப் பதிலா மொடியூல்னு சின்னச் சின்னப் பாடத் தொகுதி வரும், பரீட்சைச் சுமை குறையும்னு வலயக் கல்வி அலுவலகத்துல இருந்து வந்த சேர் பேசினார். திரையில காட்டினது முழுக்க சிங்களம். கேள்வி கேக்க எழும்பினா, இன்னொரு ஸ்கூலுக்குப் போகணும்னு பேக்கைத் தூக்கிட்டார்.

போற நேரத்துல ஒரு தாள் சுத்தி வந்திச்சு, கையெழுத்து வைக்கச் சொல்லி. வரவுப் பதிவுன்னுதான் எல்லாரும் வச்சாங்க. மேல மடிச்சிருந்ததை விரிச்சா 'பெற்றோரின் கருத்துகள் பெறப்பட்டன'ன்னு தலைப்பு. யாருகிட்ட என்ன கருத்தைக் கேட்டாங்க? நான் வைக்காம அடுத்த ஆளுக்குத் தள்ளிட்டேன். பக்கத்துல இருந்த அக்கா, "ஏன் தம்பி வம்பு, பிள்ள அங்கதானே படிக்கணும்"னாங்க. அதுவும் நியாயம்தான்.

பிறகு நடந்தது தெரியும்தானே. 6ஆம் தர ஆங்கில மொடியூல்ல பிள்ளைகள் பார்க்கக்கூடாத இணையதள முகவரி இருந்து, நாடு முழுக்க சத்தம். 2026 ஜனவரியில 6ஆம் தரத்துப் புது முறையை மட்டும் 2027க்குத் தள்ளிப் போட்டாங்க, 1ஆம் தரத்துக்குத் தொடங்கிட்டாங்க. தள்ளிப் போட்ட விசயம் எனக்கு வாட்ஸ்அப்லதான் வந்திச்சு. கூட்டம் கூட்டிக் கையெழுத்து வாங்கினவங்க ஒரு துண்டுக் கடிதம் அனுப்பல. இதுக்கிடையில டவுன்ல டியூஷன் சேர் 'புது சிலபஸ்' நோட்ஸுக்குக் காசு வாங்கிட்டார். திருப்பித் தரவா போறார்!

பதுளைப் பக்கத்து டீச்சர்

அண்ணா, கோபம் புரியுது. ஆனா அந்த சேரைத் திட்டிப் பிரயோசனம் இல்ல. பாடத்திட்டத்தை எழுதறது மஹரகமையில தேசிய கல்வி நிறுவகம். நம்ம கைக்கு வர்ற புத்தகத்தை அச்சடிக்கிறது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். வலயத்துக்குப் பயிற்சியும் மேற்பார்வையும்தான், ஒரு பாடத்தைக்கூட மாத்த அதிகாரம் கிடையாது. அப்போ 'கருத்துகள் பெறப்பட்டன'ன்னு தாள் எதுக்குன்னு கேட்டா, பதில் என்கிட்டயும் இல்ல. ஃபைல்ல கோர்க்கத்தான்.

எங்க நிலைமையையும் சொல்றேன். நவம்பர்ல டித்வா புயல் அடிச்சு பாதை எல்லாம் சரிஞ்சு கிடந்த நேரம். எங்க பக்கத்துல பயிற்சிக்கு வர முடியாதவங்களுக்கு குரூப்ல பிடிஎஃப் போட்டுவிட்டாங்க. மலையில சிக்னல் கிடைக்கிற மூலைக்குப் போய்த்தான் இறக்கினேன். 1ஆம் தரத்துக்கு வந்த செயற்பாடுகள் உண்மையிலேயே நல்லா இருக்கு, பிள்ளைகள் சந்தோசமா செய்யுதுகள். அதை ஒரு அம்மாகிட்ட சொன்னா, "டீச்சர் நீங்களும் அவங்க ஆளா"ன்னு பார்க்கிறாங்க. கொப்பியில எழுத்து இல்லாட்டி இங்க படிப்பே நடக்கலன்னு அர்த்தம்.

பண்டாரவளை அம்மா

எங்க வீட்டுல இந்தப் பயம் புதுசு இல்ல. பெரிய மாமா எழுதினது ஜி.சி.ஈ. சாதாரணதரம் (ஓ/எல்) இல்ல, அதுக்குப் பதிலா வந்த என்.சி.ஜி.ஈ.ங்கிற பரீட்சை. 1972இல கொண்டுவந்த மாற்றம், 1977இல ஆட்சி மாறினதும் கைவிட்டாங்க, திரும்பவும் ஜி.சி.ஈ. வந்திச்சு. தோட்டத்து லயன் வீட்டுல இருந்து டவுன் ஸ்கூலுக்கு நடந்து போய்ப் படிச்ச மனுசன். பிறகு வேலைக்குப் போற இடமெல்லாம், "இது என்ன சேர்டிபிகேட், ஓ/எல் இல்லையா"ன்னு கேட்டாங்களாம். அந்தத் தாளை இன்னும் பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருக்கார். 'சீர்திருத்தம்'னு டிவியில சொன்னாலே சத்தத்தைக் குறைச்சிடுவார்.

அதனால எனக்கு அந்த இணையதள விசயத்தைவிட இதுதான் பெரிசு: 6ஆம் தரத்துல தொடங்குற பிள்ளை, ஸ்கூல் படிப்பு முடிக்கிற வரைக்கும் இதே முறை இருக்குமா? ஆட்சி மாறினா? கொழும்புப் பிள்ளைக்கு இன்டர்நெஷனல் ஸ்கூல் இருக்கு, மாறிக்கலாம். எங்களுக்கு அடுத்த ஸ்கூலே மலைக்கு அந்தப் பக்கம்.

தலவாக்கலை அப்பா

டீச்சர், அப்போ நாங்க எங்கதான் போய்க் கேக்கிறது?

பதுளைப் பக்கத்து டீச்சர்

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துல பெற்றோர் நீங்களும் அங்கத்தவர்தான். தமிழ்ப் பிரதி வேணும், 2027இல என்ன வருதுன்னு முன்கூட்டியே காட்டணும்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்து, கூட்ட அறிக்கையில ஏத்தச் சொல்லுங்க. அறிக்கையில இருந்தா அதிபர் வலயத்துக்கு அனுப்ப ஒரு பிடி கிடைக்கும்.

பண்டாரவளை அம்மா

நான் கேட்டேன் டீச்சர். சுற்றறிக்கையோட தமிழ்ப் பிரதி வேணும்னு. அதிபர் நல்லவர், உடனே போன்ல அனுப்பிட்டார். திறந்து பார்த்தா சிங்களம். தமிழ் எப்போ வரும்னு கேட்டதுக்கு, "அது எனக்கும் வரலை மகள்"னார். அடுத்த கூட்டத்துல எழுத்துல குடுக்கிறேன்.