அயர்லாந்து: சொந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் இயக்குநருக்கு எந்த டாக்ஸ் கிரெடிட்?

லிஃபிக்கரையான்:
வணக்கம். டப்ளினில் மென்பொருள் ஒப்பந்தப் பணிகளுக்காக நானும் நண்பர் ஒருவரும் லிமிடெட் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பங்குகளில் 80 விழுக்காடு என்னிடமும் 20 விழுக்காடு அவரிடமும் உள்ளன, இருவருமே இயக்குநர்கள். என் மனைவி கணக்குகளைப் பார்த்துக்கொண்டு சிறு சம்பளம் பெறுகிறார். வேலையில் இருந்தபோது கிடைத்த ஊழியர் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்கப்படும் தொகை) இனி எங்களுக்குக் கிடையாது என்கிறார்கள். மாதந்தோறும் வரி பிடித்தம் செய்தே சம்பளம் எடுக்கும்போது, இது எப்படி இல்லாமல் போகும்?

பேரேடு:
அவர்கள் சொல்வது சரிதான். சாதாரணப் பங்கு மூலதனத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் சொந்தமாகவோ மறைமுகக் கட்டுப்பாட்டிலோ வைத்திருக்கும் இயக்குநருக்கு, அந்த நிறுவனம் தரும் சம்பளத்தின் மீது ஊழியர் கிரெடிட் கிடையாது; ஆகவே உங்கள் நண்பரும் இதில் அடங்குவார். அந்த நிறுவனத்திலேயே வேலை செய்யும் மனைவிக்கும் இதே விலக்கு உண்டு. அதற்கு மாற்றாகத்தான் 2016 முதல் ஏர்ன்ட் இன்கம் கிரெடிட் (ஈட்டிய வருமானத்துக்கான வரிக் கழிவு) தரப்படுகிறது. தொடக்கத்தில் அது வெறும் 550 யூரோ, ஊழியர் கிரெடிட்டோ 1,650 யூரோ என்பதால் அப்போது இயக்குநர்கள் குமுறியதில் நியாயம் இருந்தது. 2025 வரி ஆண்டில் இரண்டுமே 2,000 யூரோ. உங்கள் மனைவி வெளியே வேறொரு வேலையும் பார்த்தால் அங்கே ஊழியர் கிரெடிட் பெறலாம், ஆனால் இரண்டும் சேர்ந்து 2,000 யூரோவைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் வரி பிடித்தாகிவிட்டது என்று நீங்களும் நண்பரும் இருந்துவிடாதீர்கள். சுய மதிப்பீட்டு முறையில் ஆண்டுதோறும் படிவம் 11 என்ற வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதற்கான கெடு அடுத்த ஆண்டு அக்டோபர் 31. ரெவென்யூ எனும் வரித்துறையின் ரோஸ் இணையதளம் வழியே தாக்கல் செய்து பணமும் கட்டினால் நவம்பர் நடுப்பகுதி வரை நீளும்.

வரிச்சுமை:
கிரெடிட்டின் பெயர் மாறியதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். 1997 வரிச் சட்டத்தின் 997ஏ பிரிவுதான் உண்மையில் கையைச் சுடக்கூடியது. 15 விழுக்காட்டுக்கு மேல் பங்குள்ள இயக்குநரின் சம்பளத்தில் பிடித்த வரியை நிறுவனம் ரெவென்யூவுக்குச் செலுத்தியிருந்தால் மட்டுமே அது அவருடைய கணக்கில் வரவாகும்; பே-ஸ்லிப்பில் அச்சாகியிருப்பது போதாது. இந்த 15 விழுக்காட்டைக் கணக்கிடும்போது நெருங்கிய உறவினரின் பங்குகளும் சேர்க்கப்படும். மேலும், நிறுவனம் கட்டிய தொகை முதலில் மற்ற ஊழியர்களின் வரிக்கே ஒதுக்கப்படும். உங்கள் பெயரில் 12,000 யூரோவும் பங்கில்லாத ஓர் ஊழியரின் பெயரில் 6,000 யூரோவும் பிடித்துவிட்டு, பணமுடையால் நிறுவனம் மொத்தமே 6,000 யூரோ கட்டியது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊழியரின் கணக்கு நேராகிவிடும். உங்கள் கணக்கில் வரவு சுழியம், 12,000 யூரோவையும் நீங்கள் மீண்டும் கட்ட வேண்டியதுதான். வாடிக்கையாளர் பணம் தர இழுத்தடிக்கும் மாதங்களில் வரியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் சிக்குவது இங்கேதான்.

லிஃபிக்கரையான்:
மிக்க நன்றி. இந்தப் பிரிவைப் பற்றி எங்கள் கணக்காளர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பிஆர்எஸ்ஐ எனும் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பு விஷயத்திலும் இதே 15 விழுக்காடுதான் எல்லையா?

பேரேடு:
இல்லை, அது சமூகப் பாதுகாப்புத் துறையின் தனிக் கணக்கு. பாதியோ அதற்கு மேலோ பங்குள்ள நீங்கள் சுயதொழில் செய்வோருக்கான எஸ் வகுப்பில் வருவீர்கள். உங்களுக்காக நிறுவனம் முதலாளியின் பங்களிப்பைக் கட்ட வேண்டியதில்லை, அதற்கு ஈடாக நோய்க்கால உதவித்தொகை உங்களுக்குக் கிடையாது. 20 விழுக்காடு வைத்திருக்கும் நண்பரின் வகுப்பு, அவர் உண்மையில் யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும். ஊகத்தில் எஸ் என்று பதியாமல், துறையின் ஸ்கோப் பிரிவுக்கு எழுதி முடிவைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.