மொட்டை மாடியில் காலக்கருவி: கடிகாரம் 40 நொடி பிந்திவிட்டது!

செல்லூர்க்காரன்:
மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். இரவில் மாடியில் ஒரு காலப்பயணக் கருவி செய்கிறேன். பழைய கிரைண்டர் டிரம், அதைச் சுற்றி 3 கிலோ செம்புக் கம்பி, நடுவில் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம். மூன்று மாதத்தில் அது 40 நொடி பிந்தியிருக்கிறது. வெற்றிதானே? வீட்டில் "முதலில் மிக்ஸியைச் சரிசெய்யுங்கள்" என்கிறார்கள்.

திருநகர் வாத்தியார்:
அண்ணே, அது காலம் இல்லை, வெயில்! சாதாரணக் குவார்ட்ஸ் மாதம் 15 நொடி பிசகுவது சகஜம். நம் ஊர் மாடிச் சூட்டில் இன்னும் பிந்தும். நிஜமாகக் காலத்தில் விளையாட வேண்டுமென்றால் ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறுங்கள். உயரத்தில் ஈர்ப்பின் பிடி தளர்வதால் கடிகாரம் முந்தும். ஐன்ஸ்டீன் கணக்குப்படி 2,000 மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 19 நானோநொடி (ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோநொடி). 2005-ல் அமெரிக்காவில் ஒருவர் பொழுதுபோக்காகவே மூன்று சீசியம் கடிகாரங்களை, அதாவது மிகத் துல்லியமான அணுக்கடிகாரங்களை, குடும்பக் காரில் ஏற்றி, ரெய்னியர் மலையில் இரண்டு இரவு தங்கினார். திரும்பியபோது அவை 22 நானோநொடி முந்தியிருந்தன.

வைகைக்கரையான்:
பஸ்ஸில் சீசியம் கடிகாரத்துக்கு லக்கேஜ் டிக்கெட் எவ்வளவு?

திருநகர் வாத்தியார்:
டிக்கெட்டை விடுங்கள். வழியில் ஒரு நொடிகூடக் கரண்ட் நிற்கக் கூடாது, பேட்டரியையும் சுமக்க வேண்டும்.

செல்லூர்க்காரன்:
சரி தம்பி, புரிந்தது. கடிகாரத்தை நிழலுக்கு மாற்றிவிட்டேன். மிக்ஸியும் ஓடுகிறது. டிரம்மை மட்டும் பிரிக்க மனசு வரவில்லை.