புதுப்பிப்பு: சவுக்குத்தோப்பு ரவுண்டு முடிஞ்சிது, மேப்தான் காலை வாரிடுச்சு

நம்ம ஓரியன்டீரிங் (மேப்பும் திசைகாட்டியும் வச்சு குறிச்ச இடங்கள தேடி ஓடுற போட்டி) லீக் ரெண்டாவது ரவுண்ட கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் சவுக்குத்தோப்புல வைக்கலாமா, எலக்ட்ரானிக் சிப் இல்லாம, கார்டுல ஓட்டை போடுற ஊசி பஞ்ச்லயே சமாளிக்கலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, வச்சாச்சு. பஞ்ச்ல பிரச்சினையே இல்ல, ஒவ்வொரு கன்ட்ரோல்லயும் (கொடி கட்டியிருக்குற, தேடிப் போக வேண்டிய இடம்) ஊசி அமைப்பு வேற வேற, கார்டுல ஓட்டைய பாத்தாலே தெரிஞ்சிரும்.

சவுக்க சில வருஷத்துல வெட்டிருவாங்கன்னு தெரிஞ்சும் பழைய மேப்ப நம்பி கோர்ஸ் போட்டது என் தப்புதான். முந்தின நாள் சாயங்காலம் கொடி கட்டப் போனா பாதித் தோப்பு வெறும் மணல், மேப்ல பச்சையா இருக்குற எடத்துல ஆடு மேயுது, அப்புறம் ராத்திரி முழுக்க உக்காந்து 1:10,000 மேப்ப திருத்தி நாலு கன்ட்ரோல மாத்தி விடியக்காலைல ஜெராக்ஸ் கடை அண்ணன கெஞ்சி எழுப்பி கலர் பிரின்ட் எடுத்தோம். ஒரு கொடிய வேற யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க, ஆரஞ்சும் வெள்ளையுமா பளிச்சுன்னு இருந்தா ஆசை வரத்தானே செய்யும்.

லீக் பாயின்ட் போன மாசம் பதில்ல நீங்க சொன்ன மாதிரியே, முதல் ஆளுக்கு 1000, மத்தவங்களுக்கு நேர விகிதத்துல.

அடுத்தது பாண்டி ஒயிட் டவுன், 1:4,000 மேப்ல ஸ்பிரின்ட், அதாவது குறுகின வேகமான போட்டி. தெருவெல்லாம் கட்டம் போட்ட மாதிரி இருக்கு, மேப் பாக்காம ஓடறவன்தான் ஜெயிப்பானோன்னு பயமா இருக்கு. பாரதி பூங்காவுக்குள்ள கன்ட்ரோல் வைக்க அனுமதி கேட்டிருக்கோம்.