தனுஷ்கோடியில் யாருமே இல்லையாம்!

கரைவலை: "தனுஷ்கோடியின் மக்கள்தொகை பூஜ்யம். 1964 புயலுக்குப் பிறகு அங்கே ஈ காக்கைகூடக் கிடையாது." நேற்று இங்கே ஒருவர் எழுதிய பயணக் குறிப்பு இது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கம்பிப்பாடு, பாலம் என்ற இரண்டு மீனவக் குடியிருப்புகளைத் தாண்டித்தானே நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போனீர்கள்? கார் கண்ணாடியை இறக்கவே இல்லையா?

ஊர்சுற்றி: எழுதியவன் நான்தான். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்த ஊர் அது. சாயங்காலம் ஆனால் எல்லோரையும் கிளப்பி விடுகிறார்கள். நாலு குடிசை இருந்தால் மக்கள்தொகை ஆகிவிடுமா? எத்தனை பேர் என்று எண்ணைச் சொல்லுங்கள்.

கரைவலை: கிளப்பி விடுவது உங்களை. அவர்கள் அங்கேயேதான் தூங்குகிறார்கள், விடியுமுன் எழுந்து வலை இழுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டு குடும்பம் நடத்துகிறார்கள் பெண்கள். இவர்களெல்லாம் உங்கள் கணக்கில் பூஜ்யம்!

ஊர்சுற்றி: உணர்ச்சி வேண்டாம். எண்.

மீட்டர்கேஜ்: புயலைவிட, ரயிலைத் திரும்பக் கொடுக்காததுதான் அந்த ஊரை அழித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த காலத்தில் பாம்பன்–தனுஷ்கோடிதான் முதன்மைப் பாதை, ராமேஸ்வரம் கிளைப் பாதை. சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து இறங்கினால் அங்கேயே கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னார் போகலாம். 2019இல் புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், சுமார் 17 கிலோமீட்டர். ஒரு தண்டவாளம் விழவில்லை.

கரைவலை: ராமேஸ்வரம் கிளையா? எங்கள் ஊரைப் பற்றிப் பார்த்துப் பேசுங்கள் தம்பி. புதுப் பாதை போட்டால் யார் குடிசை போகும், யோசித்தீர்களா?

மண்டபத்து அக்கா: ரயில் என்றால் எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு நின்றுவிடும். அந்தப் புயலில், டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரோடு 115 பேர் கடலோடு போனார்கள்.

மீட்டர்கேஜ்: அக்கா, அது பதிவில் இருக்கிற கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 தாண்டும் என்பார்கள்.

கரைவலை: கேட்டுக்கொள்ளுங்கள் ஊர்சுற்றி. செத்தவர்களையே சரியாக எண்ணாத நாடு இது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பை நடத்தவில்லை. 2011 கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கு எத்தனை பேர் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

ஊர்சுற்றி: ஆக, எண் இல்லை. அதைத்தான் நானும் சொன்னேன்.

சத்திரம் வேன்: 2017 வரை, அப்போது சாலை முடிந்த முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் வண்டி ஓட்டியவன் நான். அந்த ஜூலையில் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலையைத் திறந்தார்கள், எங்கள் பிழைப்பு போயிற்று. யாருக்காவது நினைவு வந்ததா?

கரைவலை: உங்கள் வேனில் ஒரு கூடை மீன் ஏற்ற என்ன வாங்கினீர்கள் என்பது எங்களுக்கு நினைவிருக்கிறது அண்ணே. சாலை வந்த பிறகுதான் மீன் கெடாமல் ராமேஸ்வரம் போகிறது. பிரசவ வலி வந்தால் வண்டி பிடிக்க முடிகிறது.

சத்திரம் வேன்: டயர் புதைந்தால் தள்ளிவிட்டது யார்? நீங்களா வந்தீர்கள்?

மண்டபத்து அக்கா: சாலையும் ஊர்க்காரர்களுக்காகப் போட்டதில்லை, சுற்றுலாவுக்காகப் போட்டது. அந்த ஊற்றுகள் அப்படியேதான் இருக்கின்றன. முதலில் குழாய் போடட்டும்.

ஊர்சுற்றி: பேச்சை எங்கெங்கோ கொண்டுபோகிறீர்கள். என் குறிப்பில் ஒரு வரியும் மாற்றப் போவதில்லை.

கரைவலை: மாற்றும்வரை கீழே எழுதிக்கொண்டே இருப்பேன். கம்பிப்பாடு. பாலம். கம்பிப்பாடு. பாலம்.

மீட்டர்கேஜ்: ராமேஸ்வரம் கிளைப் பாதைதான். பழைய கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

கரைவலை: மறுபடியும் கிளையா?