சமத்துவ நாளைப் பள்ளியில் எப்படிக் கடைப்பிடிக்கலாம்?

காரைக்குடி ஆசிரியை: அம்பேத்கரின் பிறந்தநாளான ஏப்ரல் 14 தமிழகத்தில் 2022 முதல் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது, ஆனால் அன்று விடுமுறை என்பதால், உறுதிமொழிக்கு மேல் மாணவர்கள் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. வேறு என்ன செய்யலாம்?

தேவகோட்டை வாசகர்: முந்தைய பள்ளி நாளில், 1927இல் மகாராட்டிர மாநிலத்து மகாடு நகரில், தாழ்த்தப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிப் பருகிய போராட்டத்தை வாசிக்கச் செய்து, நம் ஊருணிகளில் முன்பு யார் தண்ணீர் எடுக்க முடிந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பதில்கள் சங்கடமாகவும் இருக்கலாம்; வகுப்பில் எவரையும் சாதி சொல்ல வைக்காதீர்கள்.

காரைக்குடி ஆசிரியை: ஊருணிக் கரையைச் சுத்தம் செய்வதையும் சேர்க்கலாமா?

பள்ளத்தூர் பெற்றோர்: ஆசிரியர்களும் துடைப்பம் எடுப்பதானால் தாராளமாகச் சேர்க்கலாம். குப்பை அள்ளும் வேலை வழக்கமாகச் சில பிள்ளைகள் தலையிலேயே விழுகிறது. எனவே குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள்.