வாராந்திரக் கூட்டத்தை மாதம் இருமுறையாகக் குறைக்கலாமா? ரோட்டரி சங்கத்தினரிடம் ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: புதிய செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியில் ஒரு வட்டத் தலைநகரில் இயங்கும் ரோட்டரி சங்கத்தில், வரும் ஜூலை 1 முதல் செயலாளர் பொறுப்பை ஏற்க இருக்கிறேன். ஏறத்தாழ நாற்பது உறுப்பினர்கள் இருக்கிறோம். அரிசி ஆலை உரிமையாளர், ஜவுளி வணிகர், மருந்துக் கடைக்காரர், தணிக்கையாளர், பல் மருத்துவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எனப் பல துறையினரும் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் இரவு ஏழரை மணிக்கு ஒரு ஹோட்டலின் சிறிய அரங்கில் கூட்டம் நடைபெறுகிறது. பதவியேற்பு விழாவுக்கும் ரோட்டரி மாவட்டத்தின் ஆளுநர் வருகைக்கும் குடும்பத்தோடு வந்து அரங்கை நிறைக்கிறவர்கள், சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் பாதிப் பேர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. ஹோட்டல்காரரோ இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் உணவுக்குப் பணம் வாங்கிக்கொள்வதால், யாரும் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சங்கம் செலவழித்து வருகிறது.

அடுத்த ஆண்டுக்குத் தேர்வாகியுள்ள தலைவர், மாதத்திற்கு இரண்டு கூட்டங்கள் போதும் என்றும், மிச்சமாகும் பணத்தை அரசுப் பள்ளிப் பணிகளுக்குத் திருப்பலாம் என்றும் கருதுகிறார். மூத்த உறுப்பினர்கள் சிலர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். வாரந்தோறும் கூடாவிட்டால் சங்கம் என்பது வெறும் வாட்ஸ்அப் குழுவாகிவிடும் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா? அவ்வாறு குறைத்த சங்கங்களில் உறுப்பினர்களின் நட்புறவும் சேவைப் பணிகளும் என்னவாயின? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் இயக்குநர் குழுவில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் 1
எழுதியவர்: முன்னாள் தலைவர், மதுரை வட்டாரம்

வணக்கம் செயலாளர் அவர்களே. விதியைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். வாரந்தோறும் கூடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2016இல் கூடிய, ரோட்டரியின் விதிகளை வகுக்கும் சட்டமியற்றும் மன்றத்தோடு தளர்ந்துவிட்டது. அதன்படி, மாதத்திற்குக் குறைந்தது இரண்டு முறையாவது ஏதேனும் ஒரு வடிவில் கூடினால் போதும். நேரில் கூடுவதும் இணையவழியில் கூடுவதும் செல்லும், சேவைப் பணி ஒன்றையே அந்த வாரக் கூட்டமாகக் கொள்ளவும் இடமுண்டு. ஆனால் தலைவர் ஒருவர் அறிவித்துவிடுவதால் மட்டும் இது நடைமுறைக்கு வராது. சங்கத்தின் துணை விதிகளை உறுப்பினர்களின் வாக்கெடுப்பின் மூலம் முறையாகத் திருத்த வேண்டும். உங்கள் மூத்தவர்களின் எதிர்ப்பை அந்தக் கூட்டத்தில் கேட்டுக்கொள்வதுதான் நல்லது; அதைத் தவிர்க்க நினைத்தால் ஆண்டு முழுவதும் கேட்க நேரிடும்.

வருகைப் பதிவைப் பற்றிய விதியும் பலர் நினைப்பதுபோல் அவ்வளவு இறுக்கமானதன்று. ஒவ்வோர் அரையாண்டிலும் பாதிக் கூட்டங்களுக்கு வந்திருக்க வேண்டும், அல்லது வேறு சங்கத்தின் கூட்டத்திற்குச் சென்று ஈடுசெய்திருக்க வேண்டும், அதுவும் இயலாதவர் சங்கப் பணிகளில் 12 மணி நேரமாவது ஈடுபட்டிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வயதையும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளையும் கூட்டினால் 85 அல்லது அதற்கு மேல் வருகிற, இருபது ஆண்டுகளேனும் ரோட்டரியில் இருந்த மூத்தவர்கள் விரும்பினால் விலக்குப் பெறலாம். வேடிக்கை என்னவென்றால், விலக்குப் பெற்ற இந்த முதியவர்கள்தாம் பெரும்பாலான ஊர்களில் முதல் ஆளாக வந்து அமர்ந்திருக்கிறார்கள்.

இனி என் கருத்து. கூட்டத்தின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன், மணியடித்தது முதல் தேசிய கீதம் வரை அந்த ஒன்றரை மணி நேரம் எவ்வாறு செலவாகிறது என்று ஒருமுறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனியுங்கள். ஏழரைக்கு என்று அறிவித்த கூட்டம் எட்டேகாலுக்குத் தொடங்கும். இறைவணக்கம், நால்வழிச் சோதனை என்னும் ரோட்டரியின் நன்னெறிக் கேள்விகளை வாசிப்பது, வரவேற்புரை, பிறந்தநாள் மற்றும் திருமணநாள் வாழ்த்துகள், செயலாளர் அறிவிப்புகள், மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, அதை நிழற்படம் எடுக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பது என்று வரிசையாக எல்லாம் முடிந்தபின், தொலைவிலிருந்து வந்த சிறப்புப் பேச்சாளரிடம் "நேரமாகிவிட்டது, சுருக்கமாகப் பேசுங்கள்" என்று சீட்டு அனுப்புவார்கள். பிறகு உணவு. அங்கும் தினமும் கடைத்தெருவில் சேர்ந்து நிற்கிற அதே நால்வர் ஒரே மேசையில் அமர்ந்து அதே வியாபாரப் பேச்சைத் தொடர்வார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைத்தாலும், வராதவர் வரப்போவதில்லை.

எங்கள் சங்கத்தில் வாராந்திரக் கூட்டத்தை நிறுத்தாமல் அதன் உள்ளடக்கத்தை மாற்றினோம். பொன்னாடையும் நினைவுப் பரிசும் பதவியேற்பு விழாவுக்கு மட்டும் என்று தீர்மானம் போட்டோம். மணியடித்த கால் மணி நேரத்திற்குள் பேச்சாளர் பேசத் தொடங்கிவிட வேண்டும். வாசலில் எண் எழுதிய சீட்டுகளை வைத்து, எடுத்த எண்ணுக்குரிய மேசையில்தான் அமர வேண்டும் என்று கூட்ட ஒழுங்கைக் கவனிக்கும் சார்ஜென்ட்-அட்-ஆர்ம்ஸ் கண்டிப்புக் காட்டினார். மீறினால் ஐம்பது ரூபாய் அபராதம். தொடக்கத்தில் முகம் சுளித்தவர்கள்கூடப் பின்னர் பழகிக்கொண்டார்கள். அப்படி ஒரு மேசையில் மின்மோட்டார் கடைக்காரரும், குடிநீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளரும், பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரும் தற்செயலாக ஒன்றாக அமர்ந்ததில், நெடுநாளாக ஆழ்துளைக் கிணறு இருந்தும் தண்ணீர் ஏறாமல் பூட்டிக் கிடந்த அப்பள்ளியின் கழிப்பறைகளுக்கு வழி பிறந்தது. முன்பு அதற்காக நாங்கள் குழு அமைத்திருந்தோம், மதிப்பீடு வாங்கியிருந்தோம், ரோட்டரி மாவட்டத்திற்கு விண்ணப்பமும் எழுதியிருந்தோம், எதுவும் நகரவில்லை. மோட்டாரின் திறன் அந்த ஆழத்திற்குப் போதாது என்பதைப் பொறியாளர் சாப்பிட்டுக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தம் நண்பர்கள் மூவரோடு கூடியது, அவர்களில் ஒருவரான சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோரின் அலுவலக அறையில்தான். மற்றவர்களில் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் தையற்காரர். அதன்பின் ஒவ்வொருவர் தொழிலிடத்திலும் முறை வைத்துக் கூடினார்கள், ‘சுழற்சி’யைக் குறிக்கும் ரோட்டரி என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. முறையான மதிய உணவுக் கூட்டத்தை ஓக்லாந்து சங்கம்தான் பின்னர் தொடங்கிவைத்தது. ஆகவே ஹோட்டலும் விருந்தும் இல்லாவிட்டால் ரோட்டரி இல்லை என்று சொல்வதற்கு வரலாற்றில் ஆதாரம் கிடையாது. மாதம் ஒருமுறை உங்கள் அரிசி ஆலையிலோ மருந்துக் கிடங்கிலோ கூடுங்கள். நெல் அவியும் இடத்தில் நாற்காலி போட்டு, தேநீரும் வடையும் போதும். பல ஆண்டுகள் பக்கத்தில் அமர்ந்தவரின் தொழில் எப்படி நடக்கிறது என்பதை நம்மில் பலர் பார்த்ததே இல்லை.

பதில் 2
எழுதியவர்: தணிக்கையாளர், சென்னைப் புறநகர்

முன்னாள் தலைவர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் அவர் தொடாத ஒரு காரணத்தை நான் சொல்லியாக வேண்டும். இரவு ஏழரைக்கு அறிவித்து எட்டேகாலுக்குத் தொடங்கும் கூட்டம் பத்து மணிக்கு முடிகிறது. அதற்குப் பின், பல ஊர்களில் நட்புக் கூடல் என்ற பெயரில் மாடியிலோ பக்கத்து அறையிலோ மது பரிமாறப்படுகிறது. சங்கத்தின் உண்மையான முடிவுகள் அங்குதான் எடுக்கப்படுகின்றன. அடுத்த தலைவர் யார், எந்தப் பணிக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த அறையில் தீர்மானமாகி, மறுவாரம் மேடையில் நமக்கு அறிவிக்கப்படும்போது, பெண் உறுப்பினர்களும் மது அருந்தாத ஆண்களும் கைதட்டுவதற்கு மட்டுமே வந்தவர்களாகிவிடுகிறோம். வருகை ஏன் குறைகிறது என்று பிறகு வியப்பதில் பொருளில்லை.

பெண்களைச் சேர்த்ததற்காகக் கலிபோர்னியாவின் துவார்ட்டே சங்கம் வெளியேற்றப்பட்ட வழக்கில் 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 1989இல் சட்டமியற்றும் மன்றம் உலகெங்கும் கதவைத் திறந்து, 2022-23இல் ஜெனிபர் ஜோன்ஸ் பன்னாட்டுத் தலைவராகவும் வந்துவிட்டார். ஆனால் நம் ஊர்களில் உறுப்பினரான பெண்ணை இன்றும் "எந்த ரொட்டேரியனின் வீட்டம்மா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

நான் இருக்கும் சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கூடுகிறது. இட்லி, பொங்கல், காபி. ஒன்பது மணிக்கு எல்லோரும் வீடு திரும்பிவிடுகிறோம். உணவுச் செலவு இரவு விருந்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மது விருந்தை விரும்புகிறவர்கள் தங்கள் சொந்தச் செலவில் வேறு நாளில் வைத்துக்கொள்ளட்டும். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நாளையும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ளவர்களும் கடையை இரவு ஒன்பதுக்கு அடைப்பவர்களும் வரத் தொடங்குவார்கள்.

பதில் 3
எழுதியவர்: இளைய உறுப்பினர், திருப்பூர்

மேலே இருவரும் வாராந்திரக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றே தொடங்கிவிட்டார்கள். நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்டிலிருந்து வந்தவன் நான்; பின்னலாடை ஏற்றுமதியில் சரக்கு அனுப்பும் வாரங்களில் இரவு பன்னிரண்டு மணிவரை ஆலையில் இருக்க நேர்கிறது. எங்கள் சங்கம் மாதத்தின் இரண்டாவது, நான்காவது வாரங்களில் மட்டும் கூடுகிறது. மற்ற இரு வாரங்களில் ஒன்றில் குருதிக்கொடை முகாம், கண் பரிசோதனை முகாம், மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என ஏதேனும் ஒரு வேலை இருக்கும். கண் முகாமில் முதியவர்களின் கையைப் பிடித்து வரிசையில் அமர்த்தி, பெயர் எழுதி, அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதற்குள் எங்களுக்குள் உண்டான நெருக்கம், எந்த விருந்திலும் உண்டானதில்லை. வாட்ஸ்அப் குழுவாகிவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. அதற்காகவே, எங்கள் குழுவில் பணிகளுக்கு ஒப்புதல் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். கட்டைவிரல் படம் போட்டவர்கள் வேலைக்கு வருவதில்லை.

பதில் 4
எழுதியவர்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தம்பி சொல்லும் களப்பணி நெருக்கத்தை நானும் அறிவேன். ஆயினும் களத்திற்கு வெளியே, வேலையொன்றும் இல்லாத நாட்களில் பழகி வைத்திருப்பதும் வேண்டியதே. எங்கள் நாட்டில் போர் நடந்த காலத்தில், குழந்தைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக வடக்கில் துப்பாக்கிகள் ஓய வேண்டியிருந்தது. அதற்கான பேச்சில் யுனிசெப் நிறுவனத்தோடு இணைந்து நின்றது, பின்னாளில் 2015-16இல் ரோட்டரியின் பன்னாட்டுத் தலைவரான கே. ஆர். ரவீந்திரன் தலைமையில் இயங்கிய குழு. அரசாங்கமும், ஆயுதம் ஏந்தியவர்களும், மருத்துவர்களும் ஒரே நாளுக்கு உடன்படுவதற்கு, இவர்கள் எல்லாரிடமும் போய்ப் பேசக்கூடிய ஆட்கள் தேவை. அத்தகைய அறிமுகங்களும் நம்பிக்கையும் நெருக்கடி வந்தபின் திடீரென்று உண்டாக்கக்கூடியவை அல்ல. மாதத்திற்கு எத்தனை கூட்டம் என்பதை நீங்கள் எப்படியும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் வேலைத்திட்டம் எதுவும் இல்லாத ஒரு சந்திப்பை அட்டவணையில் விட்டு வையுங்கள்.

மறுமொழி
எழுதியவர்: புதிய செயலாளர்

அனைவருக்கும் நன்றி. நாளையும் நேரத்தையும் மாற்றும் யோசனை எங்கள் இயக்குநர் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. முதல் வாரம் காலைக் கூட்டம், இரண்டாம் வாரம் உறுப்பினர் ஒருவரின் தொழிலிடம், மூன்றாம் வாரம் களப்பணி, நான்காம் வாரம் குடும்பத்தோடு திட்டமில்லாத சந்திப்பு என்று மூன்று மாதங்களுக்கு நடத்திப் பார்த்துவிட்டு, அதன்பின் துணை விதியைத் திருத்துவதா என முடிவு செய்யலாம் எனத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். அரிசி ஆலைக்காரர் இப்போதே முதல் கூட்டத்திற்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டார். ஒரே ஓர் ஐயம் மிச்சம்: உணவுச் செலவை ஆண்டுச் சந்தாவில் சேர்ப்பதா, வருகிறவர்களிடம் அன்றன்று வாங்குவதா?

பதில் 5
எழுதியவர்: முன்னாள் தலைவர், மதுரை வட்டாரம்

அன்றன்று வாங்குவது நியாயமாகத் தோன்றும். ஆனால் பொருளாளர் வாசலில் பணம் வாங்கிக்கொண்டு நிற்பது வருகிறவரைத் தண்டிப்பதுபோல் ஆகிவிடும், சில்லறைத் தகராறும் வரும். சந்தாவில் சேர்த்துவிடுங்கள். முந்தைய நாள் மாலைக்குள் வருவதாகச் சொல்பவர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் உணவு சொல்லுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்காத சமையற்காரர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். சொல்லிவிட்டு வராதவரிடம் மட்டும் அந்தச் சாப்பாட்டின் விலையை அபராதமாக வசூலித்து, ரோட்டரி அறக்கட்டளைக்கான உண்டியலில் போடச் சொல்லுங்கள். முதல் மாதத்தில் உண்டியல் நிறையும், அதன்பின் ஆட்கள் வருவார்கள். இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பை 30 நாட்களுக்குள் எல்லா உறுப்பினர்களும் பார்க்கும்படி வைப்பதையும் மறந்துவிடாதீர்கள். தணிக்கையாளர் அம்மா சொன்ன அந்தப் பக்கத்து அறை முடிவுகளுக்கு அதுதான் நேரடியான மருந்து.